அமாவாசைக்கு உண்ணி மாத்திரை, விசுவுக்குப் பூச்சி மாத்திரை

"நாய்க்குக் கடைசியா எப்போ பூச்சி மாத்திரை கொடுத்தீங்க?"

மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "இப்பத்தான் கொடுத்த மாதிரி இருக்கு" என்பார்கள். "தீபாவளி சமயத்துல" என்பார்கள். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்" என்றும் சொல்வார்கள். தேதி சொல்கிறவர்கள் குறைவு. அவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. தங்களுடைய பிரஷர் மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்பே வந்து அடுத்த அட்டையை வாங்கிப் போகிறவர்கள்தான். தினமும் காலையில் போடும் மாத்திரை கைக்குப் பழகிவிடும். மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வருவதுதான் நழுவும். நாய்க்கான தடுப்பு மருந்துகள் எல்லாமே இப்படி வருகிறவைதான்.

எங்கள் கடை தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. மனிதர்களுக்கான கடைதான். ஆனால் கேட்டு வருகிறவர்கள் இருப்பதால் நாய், பூனை மருந்துகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் செவலை இருக்கிறாள். நாட்டு நாய், 15 கிலோ. நிறத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் வயல், பக்கத்து வீட்டில் ஆடுகள். உண்ணிக்கும் புழுவுக்கும் இதைவிட வசதியான முகவரி கிடையாது.

போனில் அலாரம் வைக்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். அலாரம் அடிக்கும்போது நான் கடையில் இருப்பேன். மாத்திரை வீட்டில் இருக்கும். நாய் வாய்க்காலில் இருக்கும். மூன்றும் ஓர் இடத்தில் சேரும் நேரத்தை எந்த ஆப்பும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் எப்போதும் இருப்பது அம்மாவும் தினசரி காலண்டரும்தான். அதனால் செவலையின் மருந்துக் கணக்கு முழுவதையும் அந்தக் காலண்டருக்கே மாற்றிவிட்டேன்.

மாதாந்திர உண்ணி மாத்திரைக்கு அமாவாசை. அப்பா போன பிறகு அம்மா ஓர் அமாவாசை விரதத்தைக்கூட விட்டதில்லை. காக்காய்க்குச் சோறு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். அமாவாசைக்கு அமாவாசை 29 நாள் அல்லது 30 நாள் வரும். மாதம் ஒருமுறை கொடுக்கச் சொல்லும் மாத்திரைக்குக் கச்சிதமான இடைவெளி. கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். சிரித்தார், அப்புறம் "தாராளமா" என்றார். இங்கிலீஷ் மாதத்தில் 31-ஆம் தேதி என்று குறித்துவைத்தவர்களுக்குப் பிப்ரவரியில் வரும் குழப்பம் எங்களுக்கு இல்லை.

அம்மா ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "ஏட்டி, அதுல கறி வாசம் அடிக்கி. படையல் போட்ட வீட்டுக்குள்ள வச்சுப் பிரிக்காத." மென்று தின்னும் வகை மாத்திரை அது, நாய்க்குப் பிடிக்கவேண்டும் என்று இறைச்சி மணம் சேர்த்திருப்பார்கள். ஆகவே அமாவாசை அன்று சாயங்காலம், பின்வாசலுக்கு வெளியே, துவைக்கிற கல் பக்கம் வைத்துத்தான் அட்டையைப் பிரிக்கவேண்டும். செவலைக்கும் அந்தக் கல் அடையாளம் தெரிந்துவிட்டது.

குடற்புழு மாத்திரைக்கு மூன்று மாதக் கணக்கு. தமிழ் மாதம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று மூன்று மூன்று மாதம் தள்ளி நான்கு மாதப்பிறப்பு. காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன்: ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 89 முதல் 94 நாள் வரைதான் வருகிறது. எங்கள் பக்கத்தில் சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும், அதாவது அந்த மாதப்பிறப்புத் திருவிழாக்கள், யாரும் சொல்லாமலே தெரியும். குற்றாலநாதர் கோயிலில் கொடி ஏறினால் கடை முன்னால் கூட்டம் கூடிவிடும். ஆடிப் பிறப்பு சாரல் சீசனின் நடுவில் வரும். தைப் பிறப்புக்கு மட்டும் அம்மா ஒரு திருத்தம் சொன்னாள். பொங்கலன்று வேண்டாம், மறுநாள் மாட்டுப் பொங்கலன்று கொடு, அதுதான் வாயில்லா ஜீவனுக்கான நாள் என்றாள். சரி, ஒரு நாள் வித்தியாசத்தில் எந்தப் புழுவும் தப்பிவிடாது.

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை. அதை ஜூலை 6-இல் வைத்திருக்கிறேன். விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள் அது; அதை விலங்குவழி நோய்கள் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும். இதில் மறக்க ஒன்றுமில்லை.

இந்த இடைவெளிகள் எதை எண்ணுகின்றன என்பது தெரிந்தால்தான் தேதிகள் மனதில் நிற்கும். கடையில் நான் நீட்டி முழக்குவதும் இதைத்தான். (வரிசையில் பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பதும் தெரிகிறது.) உண்ணி மாத்திரையும் புழு மாத்திரையும் ஒரே அலமாரியில் இருந்தாலும் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு.

குடற்புழு மாத்திரை உடம்பில் தங்காது. பைரான்டலும் பிரசிகுவாண்டலும் ஃபெபன்டலும் சேர்ந்த மாத்திரைதான் பொதுவாகக் கொடுப்பது. குடலில் அன்றைக்கு இருக்கிற உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு, சாட்டைப்புழு எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு மருந்தும் போய்விடும். மறுநாளே நாய் வயலில் எதையாவது முகர்ந்தால் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். கொக்கிப்புழு உள்ளே போய் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்து முட்டையிடும். உருளைப்புழுவுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம். சாட்டைப்புழுவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம். ஆக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்றால் மூன்று மாதம் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. சேர்ந்த புழு பெருகி உடம்பைக் கெடுக்குமுன் ஒருமுறை கழுவிவிடுகிறோம், அவ்வளவுதான். கைக்குழந்தை இருக்கிற வீடு, நாய் கண்டதையும் தின்கிற வீடு என்றால் மருத்துவர் இன்னும் நெருக்கமாகக் கொடுக்கச் சொல்வார்.

இதனால்தான் மாத்திரையோடு வாரியலும் முறமும் சேர்ந்தது இந்த வைத்தியம் என்கிறேன். உருளைப்புழுவின் முட்டை மண்ணில் விழுந்த உடனே தொற்றாது. உள்ளே குஞ்சுப்புழு உருவாகக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும். அதன் பிறகு அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அன்றைய கழிவை அன்றே அள்ளி அகற்றினால், அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வருமுன்பே வாசலைவிட்டுப் போய்விடும். கொக்கிப்புழு இன்னும் மோசம். அதன் குஞ்சுகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே போகும். நாயின் கொக்கிப்புழு மனிதத் தோலுக்குள் புகுந்து, மேலே போக வழி தெரியாமல் வளைந்து வளைந்து ஊரும். காலில் கோடு கோடாக அரிப்போடு தெரியும். சாரல் காலத்தில் இந்தத் தடத்தைக் காட்டிப் படைக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் உண்டு. படை மருந்து அதற்குக் கேட்காது. தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

நாடாப்புழுவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாயின் பின்பக்க முடியில் சோற்றுப் பருக்கைபோல ஒட்டிக்கொண்டு நெளியுமே, அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளின் குஞ்சு தின்னும். வளர்ந்த தெள்ளை நாய் கடித்து விழுங்கும். மூன்று வாரத்தில் மறுபடி பருக்கை. "மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப வருதே, மருந்து டூப்ளிகேட்டா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். மருந்து சரியானதுதான். தெள்ளு இருக்கிற வரை நாடாப்புழு வந்துகொண்டேதான் இருக்கும். புழு மாத்திரையின் அட்டவணையும், தெள்ளையும் சேர்த்துக் கொல்லும் உண்ணி மாத்திரையின் அட்டவணையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

உண்ணி மாத்திரை நேர்மாறு. அது இரத்தத்தில் தங்கித்தான் வேலை செய்யும். அஃபாக்சோலானர், சரோலானர், ஃபுளூரலானர் எல்லாம் ஒரே குடும்பம். உண்ணி கடித்து இரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். மாத்திரை கொடுத்த பிறகும் நாயின் காதில் ஓர் உண்ணி ஊர்ந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்கவேண்டாம். அது ஒன்றிரண்டு நாளில் செத்து விழும். ஆனால் தேதி தாண்டினால் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும், கடிக்கிற உண்ணி சாகாது. இங்கே இடைவெளி என்பது நிஜமாகவே பாதுகாப்பின் நீளம். இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் குடும்ப மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், வலிப்பு வரலாம் என்று 2018-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

பலர் தடுக்கி விழுகிற இடம் ஃபுளூரலானர். அது 12 வாரம் வேலை செய்யும். கேட்டவுடன் "மூணு மாசம்" என்று மனதில் எழுதிக்கொள்கிறோம். 12 வாரம் என்றால் 84 நாள். மூன்று மாதம் என்றால் 90 நாள் வாக்கில். புழு மாத்திரையோடு சேர்த்து விசுவுக்கு விசு கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், சில சமயம் பத்து நாள், நாய் காப்பு இல்லாமல் திரியும். எர்லிக்கியா என்ற உண்ணிக்காய்ச்சல் கிருமி, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குள் போய்விடக்கூடியது. பத்து நாள் என்பது அதற்கு ரொம்பத் தாராளம். ஃபுளூரலானர் கொடுப்பவர்கள் மாதத்தை விட்டுவிட்டுக் கிழமையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால், அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்து எண்ணி 12-ஆவது ஞாயிறு. காலண்டரில் 12 ஞாயிற்றுக்கிழமைத் தாளை எண்ணி, கடைசித் தாளில் இப்போதே பேனாவால் எழுதிவிடுங்கள். சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் அந்த மருந்து சரியாக உடம்பில் சேராது.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. கொசு வழியாக வரும் இதயப்புழு, தோலடிப்புழு. இதயப்புழு நம் நாட்டில் வடகிழக்கில்தான் அதிகம் பேசப்படுவது. தோலடியில் வாழும் அதன் பங்காளி டைரோஃபைலேரியா ரிபென்ஸ் கேரள நாய்களில் சாதாரணமாகவே காணப்படும். மனிதர்களின் கண்ணிலிருந்துகூட அங்கே மருத்துவர்கள் எடுத்திருக்கிறார்கள். எங்களுக்குச் செங்கோட்டை தாண்டினால் கேரளம். கொசுவுக்கு செக்போஸ்ட் கிடையாது. எங்கள் மருத்துவர் செவலையின் இரத்தத்தைக் கண்ணாடித்துண்டில் தடவிப் பார்த்த பிறகுதான் இதற்கான மாதாந்திர மருந்தைத் தொடங்கினார். அதுவும் அமாவாசைக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

இந்த மருந்து பின்னோக்கி வேலை செய்வது. இன்று கொடுப்பது, வரப்போகிற கொசுவுக்காக அல்ல; போன மாதம் கொசு விட்டுப்போன குஞ்சுப்புழுக்களைக் கொல்ல. அவை இரண்டு மாதம் வளர்ந்துவிட்டால் அதே மருந்துக்கு மசியாது. ஆறு மாதத்தில் இதயப்புழு இதயத்தில் குடியேறிவிடும். மழைக்காலம் முடிந்துவிட்டது, கொசு குறைந்துவிட்டது, இந்த மாதம் வேண்டாம் என்று நிறுத்துகிறவர்கள், கொசு அதிகமாக இருந்த மாதத்தின் கணக்கைத்தான் தீர்க்காமல் விடுகிறார்கள்.

"உண்ணியே இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்ற கேள்வியும் இதே ரகம். நம் ஊர் நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழ்நாளை முடித்துக்கொள்ளக்கூடியது. பழுப்பு உண்ணி என்பார்கள். குஞ்சாக ஒருமுறை, அடுத்த பருவத்தில் ஒருமுறை, வளர்ந்த பிறகு ஒருமுறை என்று மூன்று தடவை நாய்மேல் ஏறி இறங்கும். மீதி நேரமெல்லாம் சுவர் வெடிப்பில், கதவு நிலைக்குப் பின்னால், கட்டிலின் அடியில். குடித்து வீங்கிய பெண் உண்ணி சுவரில் ஏறி, இடுக்கில் போய் 4,000 முட்டை வரை இட்டுவிட்டுச் சாகும். இங்குள்ள சூட்டில் முட்டையிலிருந்து மறு முட்டை வரை இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். சாப்பாடு கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினியாகவே காத்திருக்கும். நாயின் உடம்பில் இல்லை என்றால் வீட்டில் இல்லை என்று ஆகாது. விடாமல் கொடுக்கும்போது நாய் நடமாடும் பொறியாகிவிடுகிறது. ஏறுகிற ஒவ்வொன்றும் சாகும், சுவரில் காத்திருப்பது மெல்ல மெல்லத் தீரும். ஒரு மாதம் விட்டால் 4,000 முட்டைக்கு வழி திறந்துவிட்டோம்.

பின்கழுத்தில் ஊற்றும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் நல்லதுதான், விலையும் குறைவு. அது தோலின் எண்ணெய்ப்பசையில் பரவி நிற்பது. அதனால் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் நாய் நனையக்கூடாது. ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மழை நனைக்காவிட்டால் வாய்க்கால் நனைக்கும். வறண்ட பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சரியாக வரும்.

இரண்டு பொருள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பூனை இருக்கிற வீட்டில் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து வேண்டாம். பூனைக்கு அது உயிரைக் குடிக்கும் விஷம். ஆடு மாடுகளுக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கிற உண்ணி மருந்தை மூடி அளவு ஊகித்து நாய்மேல் ஊற்றவும் வேண்டாம்.

உண்ணிக்காய்ச்சலின் கணக்கு எங்கள் கடைக்குச் சீட்டாக வந்து சேரும். "டாமி, 4 வயது" என்று தலைப்பில் எழுதி, கீழே டாக்ஸிசைக்ளின், 28 நாள். மனிதர்களுக்கான மாத்திரையைத்தான் நாய்க்கும் எழுதுவார்கள். காய்ச்சல், சாப்பாட்டு வெறுப்பு, சில நாய்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கிப்போயிருக்கும். முதல் கட்டத்தில் பிடித்தால் பிழைக்கும். கண்டுகொள்ளாமல் விட்டு எலும்பு மஜ்ஜை வரை போய்விட்டால் கஷ்டம். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இந்த நோயால்தான். உண்ணிக்கு எந்த நாட்டு நாய் என்ற பேதமெல்லாம் இல்லை. 28 நாள் டாக்ஸிசைக்ளினையும் இரத்தப் பரிசோதனைகளையும் சலைனையும் கூட்டிப் பார்த்தால், ஒரு வருட உண்ணி மாத்திரையின் விலை பெரிதாகத் தோன்றாது. ஆனாலும் மாதம் ஐநூறு ரூபாய்க்கு மேல் என்பது எல்லோருக்கும் எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். முடியாதவர்களிடம் சொட்டு மருந்தையும் தினமும் கையால் தடவி எடுப்பதையும் சொல்கிறேன். காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி. குறடால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கவேண்டும், விரலால் நசுக்கக்கூடாது.

செலவைக் குறைக்கிறேன் என்று வருகிற யோசனைகளில் சிலவற்றுக்கு நான் மருந்தே கொடுப்பதில்லை. 40 கிலோ நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டு நாய்க்குப் பாதிப்பாதியாக உடைத்துக் கொடுப்பது முதலாவது. மென்று தின்னும் மாத்திரையில் மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. புழு மாத்திரை வேறு. நடுவில் கோடு போட்டே வரும், 10 கிலோவுக்கு ஒன்று என்றால் செவலைக்கு ஒன்றரை. அதை உடைக்கலாம்.

அடுத்தது பள்ளிக்கூடத்து மாத்திரை. பிப்ரவரி 10, தேசியக் குடற்புழு நீக்க நாள். பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் கொடுப்பார்கள். மிச்சமானது நாயின் வாய்க்குப் போகும். நாய்க்கு அந்த மருந்து எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடும். அதே குடும்பத்தில் நாய்க்கென்றே ஃபென்பெண்டசோல் இருக்கும்போது இது எதற்கு?

ஐவர்மெக்டின் கேட்டு வருபவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். இதயப்புழுத் தடுப்புக்கு ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 15 கிலோ நாய்க்கு 90. கடையில் மனிதர்களுக்கு விற்கும் மாத்திரை 12 மில்லிகிராம், அதாவது 12,000 மைக்ரோகிராம். செவலைக்கு 130 மாதத்துக்கு மேல் வரவேண்டிய மருந்து ஒரே மாத்திரையில் இருக்கிறது. கோலி போன்ற சில இனங்களில், மூளைக்குள் இந்த மருந்து போகாமல் தடுக்கும் காவல் பிறவியிலேயே பழுதாக இருக்கும். அவற்றுக்கு இந்த அளவு மரண மருந்து. அருமையான மருந்துதான். கண்டுபிடித்த சடோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015-இல் நோபல் கொடுத்தார்கள். நாய்க்கு எவ்வளவு என்பதை மட்டும் கால்நடை மருத்துவர் சொல்லவேண்டும்.

எடை தெரியாமல் எந்த அளவும் சொல்லமுடியாது. கடையின் எடை மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், அப்புறம் தனியாக நில்லுங்கள், கழித்தால் நாயின் எடை. "தனியாக நிற்கும்போது வாய்விட்டுப் படிக்காதீங்க" என்று ஓர் அக்கா கேட்டுக்கொண்டார்.

குட்டிகளுக்கு இந்தக் காலண்டர் எதுவும் பொருந்தாது. உருளைப்புழு தாயின் சதையில் உறங்கிக்கிடந்து, வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகப் போகும். அதனால் பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடைக்குத் தகுந்த சிரப். தாய்க்கும் சேர்த்துத்தான். ஈறு வெளுத்து, கறுப்பாக மலம் போகிற குட்டியைப் பார்த்தால் காலண்டரைத் தேடாமல் மருத்துவரிடம் ஓடவேண்டும். கொக்கிப்புழு குடிப்பது இரத்தம். குட்டியிடம் இருப்பதே கொஞ்சம்.

நாள் தவறினால் என்ன செய்வது? நினைவு வந்த அன்றே கொடுக்கவேண்டும். சேர்த்துவைத்து இரண்டாகக் கொடுக்கக்கூடாது. அடுத்த இடைவெளியைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணவேண்டும். அமாவாசைக் கணக்கில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. மாத்திரை சப்ளை வராமல் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போனால், பேசாமல் பௌர்ணமிக்கு மாறிவிடலாம். அதுவும் அதே காலண்டரில் வட்டம் போட்டு இருக்கிறது. இதயப்புழு மருந்து மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுப்போனால், மறுபடி தொடங்குமுன் மருத்துவரிடம் பேசவேண்டும்.

கடைசியாக, கொடுப்பது எப்படி என்று கேட்கிறார்கள். உண்ணி மாத்திரையைச் செவலை துவைக்கிற கல் பக்கம் நின்று கேட்டு வாங்கித் தின்பாள். புழு மாத்திரைதான் தகராறு. பிரசிகுவாண்டல் நல்ல கசப்பு. இட்லிக்குள் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புவாள். அம்மாவின் முறையே வேறு. அவித்த முட்டையின் மஞ்சளை மூன்றாகப் பிட்டு, முதல் துண்டை வெறுமனே கொடுப்பாள். இரண்டாவதில் மாத்திரை. அது வாய்க்குள் போகும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேராகக் காட்டிவிடுவாள். அதைப் பிடிக்கிற அவசரத்தில் செவலை இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவாள். இதுவரை தோற்றதில்லை. சின்ன வயதில் தம்பிக்குச் சனிக்கிழமை விளக்கெண்ணெய் கொடுத்த பழக்கம் என்கிறாள் அம்மா. எனக்கும் அதே எண்ணெய்தான் கொடுத்தாள்; எனக்கு எந்த முட்டையும் காட்டியதாக ஞாபகம் இல்லை.